ராகுகாலத்தில் போட்ட சங்கிலி

கடந்த தை மாதம் ஒரு சனிக்கிழமை, பாரிசில் எங்கள் சனத்தின் கடைத்தெருவான லா சப்பலில் மரக்கறிக் கடை வாசலில் நின்று முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு எனக்குக் கிடைத்திருக்கும் முழுநேர உத்தியோகம் அதுதான். அப்போது தொலைபேசி அடித்தது. சுதன். நான் ஓட்டிய பஸ் கம்பனியில் இப்போது என்னுடைய இடத்தில் ஓட்டுகிறவன், நான் பழக்கியவன். வயது நாற்பத்தைந்து. கேலி பேசாமல் அவனால் காலை வணக்கம்கூடச் சொல்ல முடியாது. அன்றைக்குக் கேலி இல்லை.

"குலம் அண்ணை, ஜூரா மலையடியிலை நிக்கிறன். மழையோடை ஸ்னோவும் கலந்து கொட்டுது. ஆனா ரோட்டு கறுப்பாத்தான் கிடக்கு. சங்கிலி போடட்டோ, விடட்டோ?"

"என்ன டயர்?"

"எல்லாம் குளிர்கால டயர். புதுசு. சட்டத்துக்கு அது காணும். சங்கிலி பெட்டிக்கை கிடக்கு, பொலித்தீன் கூடப் பிரிக்கேல்லை."

"பஸ்ஸுக்கை ஆர்?"

"வேறை ஆர், சுவிசுக்குப் போற கலியாண வீட்டுச் சனம்தான்."

அவனுக்கு நான் சொன்ன பதில் இரண்டே சொல். அந்த இரண்டு சொல்லுக்குப் பின்னால் மிசியு வெர்னே என்ற ஒரு மனிதரும் ஒரு கூறைத் தட்டும் ஒரு ராகுகாலமும் இருக்கின்றன. அவற்றைச் சொல்லாமல் பதிலை மட்டும் சொன்னால் எனக்கு மூளை பிசகிவிட்டது என்று நினைப்பீர்கள். என் மனைவி ஏற்கனவே அப்படித்தான் நினைக்கிறாள். "எனக்கு ஒரு சங்கிலி வாங்கித் தர யோசிச்ச மனுசன், பஸ்ஸுக்கு ரெண்டு சங்கிலி எண்டு உயிரை விடுது" என்பது அவளுடைய நிரந்தரக் குற்றச்சாட்டு.

இந்த நாட்டுக்கு வந்த எல்லாரையும் போல நானும் உணவகத்தில் கோப்பை கழுவினேன். கழுவியபடியே பிரெஞ்சு படித்தேன், பிரெஞ்சு படித்தபடியே பஸ் ஓட்டும் பேர்மி, அதாவது சாரதி அனுமதிப்பத்திரம், எடுத்தேன். என் பயிற்சிக் காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை. பஸ் சாரதியின் வேலையில் பாதி ஓட்டுவது, மீதிப் பாதி காத்திருப்பது. பயணிகள் கோட்டை பார்க்கப் போவார்கள், தேவாலயம் பார்க்கப் போவார்கள். நான் வண்டிக்குள் இருந்து வாசிப்பேன். நான் வாசித்த புத்தகங்கள் அத்தனையும் அந்த இரண்டாவது பாதியில் வாசித்தவை. ஆகவே பிரான்சின் முக்கியமான கோட்டைகளில் ஒன்றைக்கூட நான் உள்ளே போய்ப் பார்த்ததில்லை. வெளியே எங்கே நிழல் விழும் என்பது மட்டும் துல்லியமாகத் தெரியும்.

மிசியு வெர்னே எங்கள் வண்டித் தரிப்பிடத்தின் தலைவர். பாரிசுக்கு வெளியே பொபினியில் ஒரு பழைய தொழிற்சாலை வளவில் எங்கள் பஸ்கள் நின்றன. அவர் மலைநாட்டில் பிறந்தவர். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. நாங்கள் பயணம் முடித்து வந்தால், தன் அறை வாசலில் நின்று "அலோர்?", அதாவது 'சரி, பிறகு?', என்று ஒரு சொல் சொல்வார். அப்புறம் பேசமாட்டார். அந்த மௌனத்தை நிரப்புவதற்காகவே நாங்கள் நடந்தது எல்லாவற்றையும், நடக்கவிருந்தவற்றையும் சேர்த்து ஒப்புவித்துவிடுவோம். பொலிஸ்காரர்கள் இந்த முறையைக் கற்றுக்கொண்டால் நாட்டில் வழக்குகளே தேங்காது. பாராட்டு என்ற சங்கதி அவரிடம் கிடையாது. எங்களில் யாரையாவது அவர் திட்டாமல் அனுப்பினால், அவர் அன்றைக்குச் சுகமில்லாமல் இருக்கிறார் என்று பேசிக்கொள்வோம்.

பனிச்சங்கிலி போட அவர் எங்களைப் பழக்கியது யூலை மாதத்தில். தார் உருகும் வெயிலில், கம்பளிக் கையுறைக்கு மேல் இறப்பர்க் கையுறை போட்டு, மஞ்சள் மேலங்கி அணிந்து, காய்ந்த நிலத்தில் முழந்தாளிட்டு, பனிக்குப் போடும் சங்கிலியைப் பூட்டவேண்டும். மதிலுக்கு அந்தப் பக்கம் பஸ்ஸுக்குக் காத்து நின்ற சனம் எட்டிப் பார்த்துச் சிரித்தது. நான் ஒருநாள் பொறுக்காமல் கேட்டேன், இதை மார்கழியில் பழகினால் என்ன என்று. "மார்கழியில் உன் விரல்கள் உன்னிடம் இருக்காது. இப்போது இருக்கும்போதே அவற்றுக்குச் சொல்லிக்கொடு" என்றார்.

அவருடைய முறைகள் இன்றும் எனக்கு மனப்பாடம். சங்கிலி போடும் இடம் ஏற்றம் தொடங்கும் முன், சமதரையில். ஏறத் தொடங்கிவிட்டால் அந்த வசதி போய்விட்டது. கைத்தடை. அவசர விளக்கு. அதன் பிறகு சங்கிலியை நிலத்தில் விரித்துக் கையால் தடவிப் பார்க்கவேண்டும். ஒரு வளையம் முறுகிக் கிடந்தால் அது தானும் அறுந்து பக்கத்தில் இருப்பதையும் அறுக்கும். எங்கள் சின்ன பஸ்ஸைத் தள்ளுவது பின் சக்கரங்கள். அவை இரட்டைச் சக்கரம், ஆகவே வெளிச்சக்கரத்துக்குப் போட்டால் போதும். உள்வளையத்தைச் சக்கரத்துக்குப் பின்னால் கொண்டுபோய்க் கொழுவ, தோள்வரை கையை உள்ளே விடவேண்டும். முகம் டயரோடு ஒட்டியிருக்கும். உள்ளே பார்க்க முடியாது. விரல் மட்டும்தான் பார்க்கும். பிறகு வெளிக்கொக்கி, பிறகு இழுவைச் சங்கிலி. முடிந்ததா? இல்லை. நூறு மீற்றர் ஓட்டி, மறுபடி நிறுத்தி, தளர்ந்ததை இறுக்கவேண்டும். அந்த இரண்டாவது நிறுத்தத்தைச் செய்யாதவன் சங்கிலி போட்டவன் இல்லை, சங்கிலியைச் சக்கரத்தில் காயப்போட்டவன்.

இவற்றுக்கெல்லாம் முதல் விதி ஒன்று இருந்தது. எஞ்சினை அணைத்துத் திறப்பை எடுத்து உன் பொக்கற்றுக்குள் போடு. வண்டியில் விடாதே, யாரிடமும் கொடுக்காதே. "குளிருகிற மனிதன் கண்ணில் பட்ட எதையும் திருகுவான்" என்று மட்டும் சொன்னார்.

எப்போது போடுவது என்று கேட்டதற்கும் அவரிடம் பதில் இருந்தது: "'போடுவதா?' என்ற கேள்வி உனக்குள் எழும்பிய இடம்தான் போடும் இடம். தேவையில்லாத இடத்தில் அந்தக் கேள்வி வராது. பாரிசில் எப்போதாவது கேட்டிருக்கிறாயா?"

மலைப்பாதைக்குக் குளிர்கால டயர் அல்லது சங்கிலி என்று இப்போது சட்டம் இருக்கிறது. அப்போது அது இல்லை. எல்லாம் சாரதியின் தலையைப் பொறுத்தது. எங்கள் சனத்தின் விசேஷம் என்னவென்றால், மார்கழி முழுக்கக் கலியாணம் பேசாமல் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு, தை பிறந்ததும் எல்லாரும் சேர்ந்து கட்டுவார்கள். தை மாதம் யாழ்ப்பாணத்தில் இளவெயில். ஐரோப்பாவில் அதுதான் பனி உச்சத்தில் கொட்டும் மாதம். மாப்பிள்ளை பாரிசுக்குப் பக்கத்துச் செவ்ரானில் இருப்பான், பெண் சுவிசில் இருப்பாள், நடுவே ஒரு மலை. அந்த மலையைக் கடத்துகிற உத்தியோகம் எனக்கு.

பொன்னுத்துரையர் லா சப்பலில் புடவைக் கடை வைத்திருந்தவர். அவருடைய தங்கை சரோ அக்கா, கணவர் இல்லை. அக்காவின் ஒரே மகன் கஜன்தான் நான் ஓட்டிய காலத்தில் வந்த ஒரு தைச் சனிக்கிழமையின் மாப்பிள்ளை. முகூர்த்தம் அன்று பின்னேரம், மலைக்கு அந்தப் பக்கம் இறங்கியதும் வரும் ஒரு ஊரில். முதல் நாளே போய்த் தங்கினால் என்ன என்று கேட்டவர்களுக்குப் பொன்னுத்துரையர் சொன்ன பதில், தாலியும் கூறையும் கலியாணத்துக்கு முதல் இரவு மாப்பிள்ளை வீட்டுச் சுவாமி அறையில் இருக்கவேண்டும் என்பது. ஆகவே விடியும் முன் லூயி பிளாங் தெருவில் சக்கரங்களுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து, கர்ப்பூரம் காட்டி, நசித்துக்கொண்டு புறப்பட்டோம். எதிர்வீட்டுப் பிரெஞ்சுக்காரி யன்னலைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள். வருடா வருடம் பார்க்கிறவள்.

பொன்னுத்துரையர் எனக்குப் பின்னால் முதல் இருக்கையில் பஞ்சாங்கத்தோடு இருந்தார். அது பாரிஸ் சூரிய உதயத்துக்குக் கணித்த பஞ்சாங்கம். குளிர்காலத்தில் சூரியன் சோம்பலாக எழும்புவதால் ராகுவும் தாமதமாகத்தான் வேலைக்கு வருவார். அன்றைக்கு அவருடைய வேலை நேரம் நண்பகலுக்குச் சற்று முந்திய ஒரு மணி நேரமும் சொச்சமும்.

"தம்பி, ஓடுற வண்டிக்கு ராகுகாலம் இல்லை. ஆனா அதுக்கை நிப்பாட்டிப் போட்டுத் திருப்பி வெளிக்கிடக்கூடாது. விளங்குதோ? அதுக்கு முதலே எல்லாரும் இறங்கிக் கால் கை கழுவி முடிச்சிட வேணும்."

"ஓம் ஐயா" என்றேன். நெடுஞ்சாலையில் அவர் சொன்னபடியே நிறுத்தினேன், அவர் சொன்னபடியே எடுத்தேன். வயிற்றையும் சிறுநீர்ப்பையையும் பஞ்சாங்கப்படி நடத்தக்கூடிய ஒரே இனம் நாங்கள்தான்.

மலையடிக்கு வந்தபோது மழைக்குள் வெள்ளைப் பொட்டுகள் தெரிந்தன. பாதை கறுப்பாக, நனைந்து, மினுங்கிக்கொண்டு கிடந்தது. முன்னால் கார்கள் சாதாரணமாக ஏறிப்போயின. மலையில் பாதிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. அழித்துவிட்டது போல இருந்தது. வலப்பக்கத்தில், சங்கிலி போடுவதற்கென்று விட்டிருந்த அகலமான வளவு. கட்டாயம் போடு என்று சொல்லும் நீலப் பலகை இன்னும் திறக்கப்படவில்லை. ஆகவே யாரும் என்னைக் கேட்கப்போவதில்லை. அந்த நேரம் பார்த்து எனக்குள் அந்தக் கேள்வி எழும்பியது. போடுவதா?

மனதுக்குள் மிசியு வெர்னேயைத் திட்டிக்கொண்டு சிக்னல் போட்டேன்.

"ஏன் தம்பி திருப்புறீர்?" பொன்னுத்துரையர் பஞ்சாங்கத்திலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"சங்கிலி போடவேணும் ஐயா."

"இப்பவோ? இப்பதான் ராகுகாலம் தொடங்கினது! நிப்பாட்டாதையும்!"

நான் நிறுத்தவில்லை. பெரியவர் சொல்லும்போது சட்டென்று பிரேக் போடுவது மரியாதை இல்லை. வளவுக்குள் வண்டியை நடைவேகத்தில் வட்டமாகச் சுற்ற விட்டேன். வாக்குவாதம் முழுவதும் அந்தச் சுற்றலில்தான் நடந்தது. ஓரத்தில் நின்ற பாரவண்டிச் சாரதி ஒருவன் கோப்பியும் கையுமாக எங்களை முதல் சுற்றில் பார்த்தான், இரண்டாம் சுற்றில் பார்த்தான், மூன்றாம் சுற்றில் கோப்பியைக் கீழே வைத்தான்.

"ரோட்டைப் பாரும். துடைச்சு விட்ட மாதிரிக் கிடக்கு. எல்லாரும் போகினம்."

"இஞ்சை கறுப்பு ஐயா. மேலை என்ன நிறம் எண்டு தெரியாது."

"மெதுவா உருட்டிக்கொண்டே போடேலாதோ?" என்று பின்னாலிருந்து ஒரு பெண்குரல். "நீங்கள் பக்கத்திலை நடந்து நடந்து போடுங்கோவன்."

"அது சைக்கிள் செயின் இல்லை அக்கா."

"அப்ப ராகுகாலம் முடியுமட்டும் இஞ்சை நிப்பம்" என்றார் ஒருவர்.

"நிக்கலாம். அதுக்கிடையிலை ரோட்டை மூடினா, தாலி மலைக்கு இந்தப் பக்கம், பொம்பிளை அந்தப் பக்கம்."

சரோ அக்கா மடியில் கூறைத் தட்டை இரண்டு கையாலும் பிடித்தபடி கண்ணாடிக்குள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பொன்னுத்துரையர் கெட்டிக்காரர். கொஞ்சம் யோசித்துவிட்டு, சாஸ்திரமும் உடையாத, சங்கிலியும் தடைப்படாத ஒரு தீர்ப்பைச் சொன்னார். "சரி. வண்டியை நிப்பாட்டும். ஆனா எஞ்சினை நிப்பாட்டாதையும். எஞ்சின் ஓடினா வண்டி ஓடுற கணக்குத்தான். நீர் சங்கிலியைப் போட்டிட்டு வாரும்."

எல்லாரும் "ஓம், ஓம், அது சரி" என்றார்கள். எனக்கும் சரியாகத்தான் பட்டது. நான் பகுத்தறிவுவாதி இல்லை. என் பஸ்ஸின் முகப்பில் மூன்று சமயத்துத் தெய்வங்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். சம்மதித்திருந்தால் அத்தனை பேரும் என்னை வாழ்த்தியிருப்பார்கள். ஒரே ஒரு இடைஞ்சல்: யூலை மாதத்து வெயிலில் முழந்தாளிட்டுப் பழகிய அந்த விதி.

"ஏலாது ஐயா. எஞ்சினை நிப்பாட்டித் திறப்பை எடுத்தால்தான் நான் கீழை கை வைப்பன்."

"உம்மடை முதலாளி இஞ்சை நிண்டு பாக்கிறாரோ?"

"பாக்கேல்லை ஐயா."

"பேந்தென்ன!"

"நான் உங்களைக் கொண்டுபோய்ச் சேக்கிறதுக்கு வந்தனான். சங்கிலி போடாமல் ஏறமாட்டன். திறப்பை விட்டிட்டுப் போடவும் மாட்டன். ரெண்டும் ஏலாதெண்டா வண்டியைப் பாரிசுக்குத் திருப்புறன்" என்றேன். இப்படி ஒரு வசனத்தை நான் பேசியது எனக்கே புதிதாக இருந்தது. வீட்டில் நான் இதில் பாதி உறுதியோடு பேசியிருந்தால் குடும்ப வரலாறே வேறாக இருந்திருக்கும்.

அப்போது சரோ அக்கா எழுந்தார். தட்டோடு நடுவழியில் இரண்டு அடி முன்னே வைத்து, இரண்டு அடி பின்னே வைத்தார்.

"அண்ணை, தாலியும் கூறையும் ஆற்றை கையிலை?"

"உன்ரை கையிலை."

"அப்ப பஸ் நிக்கட்டும். நான் நிக்கேல்லை. நான் நடந்துகொண்டிருக்கிறன். தம்பி, கதவைத் திறவுங்கோ."

"மம்மா, நீஜ் கொட்டுது! செ பா பொசிபிள்!" என்று கஜன் பாதி தமிழிலும் பாதி பிரெஞ்சிலும் கத்தினான். பனி கொட்டுகிறது, நடக்காத காரியம் என்கிறான்.

"உனக்குக் கலியாணம் வேணுமோ வேண்டாமோ? குடையைப் பிடி."

பொன்னுத்துரையர் வாயைத் திறந்தார். எந்தப் பஞ்சாங்கத்திலும் இதற்குத் தடை இல்லை போலிருக்கிறது. மூடினார். நான் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, திறப்பை உருவிப் பொக்கற்றுக்குள் போட்டேன். அந்தக் கணத்திலும் சரோ அக்காவின் கால்கள் நடந்துகொண்டுதான் இருந்தன. நடந்தபடியே படி இறங்கினார்.

இனி நான் பார்த்தது எல்லாம் நிலத்தோடு நிலமாகக் கிடந்து பார்த்தது. பட்டுச்சேலைக்கு மேல் தடித்த கோட்டும் கீழே பனிச்சப்பாத்துமாக சரோ அக்கா முன்னே போனார். பக்கத்தில் வேட்டியை மடித்துக் கட்டிய மாப்பிள்ளை குடை பிடித்தான். பின்னால் பொன்னுத்துரையர். முதல் சுற்றில் சும்மா நடந்தவர், இரண்டாம் சுற்றில் தேவாரம் தொடங்கிவிட்டார். பெண்கள் சிலர் குளிர் தாங்காமல் இறங்கிச் சேர்ந்துகொண்டார்கள். கோயில் வீதி சுற்றுவது போல என் பஸ்ஸையும் இரண்டு பாரவண்டிகளையும் சுற்றி வந்தது ஊர்வலம். கோப்பிக்காரன் தொப்பியைக் கழற்றிவிட்டான்.

இடப்பக்கச் சக்கரம் முடிந்தது. வலப்பக்கத்துக்குத் தோள்வரை கையை விட்டு உள்வளையத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். விரல் கொக்கியைக் கண்டுபிடித்த நேரம், மேலே சாரதி ஆசனத்தில் யாரோ தொப்பென்று இருந்த சத்தம் கேட்டது. பிறகு 'டிக்' என்று ஒரு திருகல். இன்னொரு திருகல். கியர்த் தடி அசையும் சத்தம்.

"அங்கிள்!" மாப்பிள்ளைத் தோழனின் குரல். "சோஃபாஜ், உந்த ஹீற்றர், எதாலை போடுறது? எல்லாத்தையும் திருகிப் பாத்திட்டன், வேலை செய்யுதில்லை. திறப்பு எங்கை?"

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்து அந்தக் கியர் விழுந்திருந்தால், இந்தக் கட்டுரையை நான் இடக்கையால் எழுதவேண்டி வந்திருக்கும். அல்லது என் மனைவி எழுதியிருப்பாள், நாலு வரியில். மெதுவாகக் கையை வெளியே எடுத்தேன். ஐந்து விரலும் இருந்தன. மறுபடி உள்ளே விட்டுக் கொக்கியைக் கொழுவினேன்.

எழும்பியபோது ஒரு பொலிஸ் வாகனம் வந்து நின்றிருந்தது. இரண்டு பேர் நீலப் பலகையைத் திறந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் என்னிடம் வந்து, சுற்றி நடக்கும் ஊர்வலத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மிசியு, உங்கள் பயணிகள் என்ன செய்கிறார்கள்?"

"நிற்காமல் இருக்கிறார்கள்" என்றேன். அதைவிட உண்மையான பதில் எனக்குத் தெரியவில்லை.

அவர் சக்கரத்தைக் குனிந்து பார்த்தார், இழுவையைக் கையால் இழுத்துப் பார்த்தார். "இனிச் சங்கிலி உள்ளவர்கள் மட்டும். நீங்கள் போகலாம்."

சரோ அக்கா நடந்தபடியே ஏறினார், ஏறியும் இருக்கவில்லை. வண்டி நகரும்வரை இருக்கைகளுக்கு நடுவே முன்னும் பின்னும் நடந்தார். நூறு மீற்றரில் இறுக்குவதற்காக நான் மறுபடி நிறுத்தியபோது யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அக்கா எழும்பினார், நடந்தார். அவ்வளவுதான். சாஸ்திரமும் மிசியு வெர்னேயும் அந்த நடுவழியில் சமாதானமாகிவிட்டார்கள்.

பாதிமலையில் பாதை வெள்ளையானது. எங்களைக் கடந்து கம்பீரமாக ஏறிய கார்கள் ஓரம் ஓரமாக, யாரோ கோபத்தில் எறிந்துவிட்ட மாதிரிக் கிடந்தன. நாங்கள் சங்கிலிச் சத்தத்தோடு, பழைய தையல் மெசின் போல, ஊர்ந்து ஏறினோம். உச்சியைக் கடந்து இறங்கத் தொடங்கினோம். இறக்கம்தான் சோதனை. சின்னக் கியரில், பிரேக்கைத் தொடாமல், மூச்சை மட்டும் பிடித்துக்கொண்டு.

ஒரு வளைவு. திரும்பியதும், பாதைக்குக் குறுக்கே ஒரு சின்னச் சிவப்புக் கார். சுழன்று நின்றிருந்தது. உள்ளே ஒரு பெண். இரண்டு கையும் ஸ்ரேறிங்கில், எங்களைப் பார்த்தபடி. ஒரு பக்கம் பாறை. மறுபக்கம் ஒன்றுமே இல்லை.

அவளுடைய முகத்தை இப்போதும் நான் வரைந்து காட்டுவேன், வரையத் தெரிந்தால். பிரேக்கை மெல்ல மெல்ல, முட்டையை மிதிப்பது போல மிதித்தேன். பஸ் ஒரு தடவை வழுக்கியது. பிறகு பின்னால் சங்கிலி பனியைத் தாண்டிக் கீழே எதையோ கடித்தது எனக்கு முதுகெலும்பில் தெரிந்தது. நின்றோம். அவளுடைய கார்க் கதவைத் திறந்தால் எங்கள் பஸ்ஸில் இடிக்கும் தூரம்.

பிறகு பின்னால் சேலை சரசரத்தது. கண்ணாடியில் பார்த்தேன். முகம் வெளிறிப்போயிருந்த சரோ அக்கா தட்டோடு எழும்பி, முதல் அடியை எடுத்து வைத்தார்.

"இரு சரோ" என்றார் பொன்னுத்துரையர். "இனி நடக்க வேண்டாம். ராகுகாலம் முடிஞ்சுது."

நான் வண்டியின் மணிக்கூட்டைப் பார்த்தேன். ராகு இன்னும் வேலையில்தான் இருந்தார். பொன்னுத்துரையரும் அதே மணிக்கூட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பஞ்சாங்கத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, மாப்பிள்ளையையும் தோழனையும் கூட்டிக்கொண்டு இறங்கினார். பட்டு வேட்டிகள் மூன்றும் சேர்ந்து அந்தச் சிவப்புக் காரைத் தள்ளிப் பாறைப் பக்கம் ஒதுக்கின. அந்தப் பெண்ணுக்குப் போத்தலில் இருந்த தேத்தண்ணியும் கல்லுப் போன்ற ஒரு பருத்தித்துறை வடையும் கொடுத்தோம். வடையைக் கடிக்க முடியாமல்தான் அவள் முதல் தடவையாகச் சிரித்தாள்.

தாலி முகூர்த்தத்தில் ஏறியது. மண்டப வாசலில் சம்பந்தி வீட்டார் பயணம் எப்படி என்று கேட்டதற்குப் பொன்னுத்துரையர், "என்ன, ரோட்டு நல்லாத்தான் கிடந்தது" என்றார். ஆனால் சாப்பாட்டுப் பந்தியில் என்னை இழுத்துத் தனக்குப் பக்கத்தில் இருத்தினார். சாரதிகளை வழக்கமாகக் கடைசிப் பந்தியில்தான் தேடுவார்கள்.

திங்கட்கிழமை பொபினி வளவில் சங்கிலிகளை உப்புப் போக நீரில் அலசி, கம்பியில் தொங்கவிட்டுக்கொண்டிருந்தேன். மிசியு வெர்னே வந்து நின்றார்.

"அலோர்?"

சொன்னேன். எலுமிச்சம்பழத்திலிருந்து வடைவரை எல்லாவற்றையும் சொன்னேன். ராகு என்றால் யார் என்று பிரெஞ்சில் விளக்க எனக்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது. அவர் வளையங்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். தேய்ந்த ஒன்றில் விரல் நின்றது.

"நீ கீழே இருந்தபோது திறப்பு எங்கே இருந்தது?"

"என் பொக்கற்றில்."

தலையை ஒருமுறை அசைத்தார். பிறகு, என் வேலைக் காலத்திலேயே முதலும் கடைசியுமாக, சங்கிலியின் மறு நுனியைத் தானே தூக்கிக் கம்பியில் போட்டார். உள்ளே போய்விட்டார்.

நான் ஓய்வு பெற்றபோது கம்பனி எனக்குக் கேடயம் ஒன்று கொடுத்தது. வீட்டில் அது எங்கே இருக்கிறதென்று மனைவிக்குத்தான் தெரியும். அந்தத் தலையசைப்பு எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியும்.

ஆகவே, கடந்த தை மாதத்துச் சனிக்கிழமை, முருங்கைக்காயும் கையுமாக நின்ற என்னிடம் சுதன் மறுபடி கேட்டான்: "அண்ணை, கேக்குதோ? புது டயர், ரோட்டும் கறுப்பு. போடட்டோ, விடட்டோ?"

"திறப்பு எங்கை?" என்றேன்.

அந்தப் பக்கம் காற்று இரைந்தது. பிறகு எஞ்சின் அணையும் சத்தமும், அதைத் தொடர்ந்து பொலித்தீன் கிழியும் சத்தமும் கேட்டன.